கலையும் பொறியும்



அறியாததை விளக்க வேண்டுமானால் அறிந்ததிலிருந்து தொடங்குக என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதற்பாடம். பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ எவரும் முற்றும் அறியாதது. செயற்கை நுண்ணறிவு என்னும் பொறியறிவு இக்காலத்தில் படம் வரைகிறது, பண் அமைக்கிறது, மறைந்த பாடகரின் குரலிலும் பாடுகிறது. இவ்வாறு பிறக்கும் ஓவியத்தையும் இசையையும் மக்கள் மதிப்பார்களா? நாளை நடப்பதை இன்றே உரைக்க நான் சோதிடன் அல்லேன். ஆயினும், இதனை ஒத்த கேள்விகளை மக்கள் முன்னரும் பன்முறை எதிர்கொண்டனர். அவற்றுக்கு அவர்கள் கண்ட விடைகள் வரலாற்றில் இருக்கின்றன. அறிந்த அவ்வரலாற்றிலிருந்து அறியாத நாளையை நோக்கி நடந்து பார்ப்போம்.

இக்கேள்வியை என்னிடம் எழுப்பியவள் ஒரு பள்ளி மாணவி. ஒரு பள்ளியின் ஆண்டு விழாவில் ஓவியப் போட்டிக்கு நடுவராக இருக்கும்படி என்னை அழைத்திருந்தனர். மாணவர்கள் வீட்டிலிருந்தே வரைந்து கொண்டுவரலாம். கணிப்பொறியில் வரைந்து அச்சிட்டும் தரலாம் என்பது விதி. வந்த படங்களுள் ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. மழை நின்ற மாலைப்பொழுது. ஆற்றங்கரையில் ஒரு கோயில். ஈரப் படிக்கட்டில் விளக்கின் ஒளி. அதற்கே முதற்பரிசு என்று எழுதிக் கொடுத்தேன். வாசற்படியில் அமர்ந்து பூத்தொடுக்கும் ஒரு பாட்டியின் படமும் அங்கே இருந்தது. அது கையால் வரைந்தது. நல்ல படந்தான், ஆயினும் பாட்டியின் சுட்டுவிரல் கோணலாக இருந்தது. உடலமைப்பில் பிழை என்று கருதி மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

பரிசு வழங்கிய பின், முதற்பரிசு பெற்ற சிறுவனைத் தட்டிக்கொடுத்து, "தம்பி, இதனை வரைய எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டேன். அவன் கள்ளமின்றி, "அரை நிமிடம், ஐயா" என்றான். தான் விரும்பிய காட்சியைச் சில சொற்களால் எழுதிக் கொடுத்ததாகவும், பொறியே வரைந்து தந்ததாகவும் சொன்னான். அவன் எதையும் மறைக்கவில்லை. அவனை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே. அப்பொழுது பாட்டியின் படத்தை வரைந்த மாணவி அருகில் நின்றாள். அவள் என்னைப் பார்த்து, "ஐயா, அரை நிமிடத்தில் அவ்வளவு அழகாக வருமென்றால், நான் எதற்காக ஒன்பது நாள் உட்கார்ந்து வரைய வேண்டும்?" என்றாள். அன்று எனக்கு விடை தோன்றவில்லை. ஒன்று மட்டும் என் உள்ளத்தில் தைத்தது. ஆற்றங்கரைக் கோயிலின் படம் அப்பொழுதும் என் கையில்தான் இருந்தது. அதில் ஒரு கோடும் மாறவில்லை. ஒரு நிறமும் மங்கவில்லை. ஆயினும் நான் அதனைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. ஏன் மாறியது? இதுவே நாம் ஆராய வேண்டிய செய்தி.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் செல்வோம். 1738-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ழாக் வோகான்சன் என்னும் பொறிஞர், குழல் ஊதும் பொம்மை ஒன்றை மக்களுக்குக் காட்டினார். ஆளுயரப் பொம்மை அது. உள்ளே இருந்த துருத்திகள் காற்றைச் செலுத்தின, உதடுகள் அசைந்தன, விரல்கள் துளைகளை மூடித் திறந்தன. பன்னிரண்டு பண்களை அது உண்மையாகவே ஊதிற்று. மக்கள் பணம் கொடுத்துப் பார்த்தனர். அறிவியற் கழகத்தாரும் ஆராய்ந்து பாராட்டினர். ஆனால் 1743-ஆம் ஆண்டிலேயே வோகான்சன் அப்பொம்மையை விற்றுவிட்டார். பின்னர் அது இருந்த இடமே தெரியாமல் மறைந்தது. குழலிசையோ மறையவில்லை. வியப்பு வேறு, மதிப்பு வேறு என்பதை இங்கே காண்கிறோம். புதுமை பழகியவுடன் வியப்பு தேய்கிறது. மதிப்போ பழகப் பழக வளர்கிறது.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதே வோகான்சன் 1741-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசின் பட்டுத் தொழிலுக்கு மேற்பார்வையாளராக அமர்த்தப்பட்டார். அவர் கொணர்ந்த மாற்றங்களைக் கண்டு அஞ்சிய லியோன் நகரத்து நெசவாளர்கள் 1744-ஆம் ஆண்டில் கிளர்ந்தெழுந்தனர். பொறியின் இசையை மதிப்பதா என்னும் கேள்வியும், பொறி வந்தால் எம் பிழைப்பு என்ன ஆகும் என்னும் கேள்வியும் ஒருவர் வாழ்விலேயே பின்னிக் கிடந்தன. இன்றும் அவற்றைப் பிரித்துப் பேசுதல் நேர்மையாகாது.

அடுத்து நாம் காண வேண்டியது புகைப்படத்தின் வரலாறு. 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், டாகேர் என்பவர் கண்ட முறை பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. ஒளியே படம் எழுதும் என்ற செய்தி ஓவியரைத் திகைக்க வைத்தது. உள்ளங்கை அளவில் முகங்களை எழுதிப் பிழைத்த சிற்றுருவ ஓவியரின் தொழில் சில பத்தாண்டுகளுக்குள் நசிந்தது. அவருட் சிலர் புகைப்படக்காரராக மாறினர். சிலர் புகைப்படங்களுக்கு வண்ணம் தீட்டினர். பொறி எவர் பிழைப்பையும் கெடுக்கவில்லை என்று சொல்வது வரலாறு ஆகாது. 1859-ஆம் ஆண்டில் போதலேர் என்னும் பிரெஞ்சுக் கவிஞர், புகைப்படம் கலைகளுக்கும் அறிவியலுக்கும் ஏவலாளாக இருக்கலாமேயன்றிக் கலையின் இடத்தைப் பறிக்கலாகாது என்று கடுமையாக எழுதினார்.

நடந்தது என்ன? ஓவியம் மாளவில்லை. உருவத்தை உள்ளவாறே பதிக்கும் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது. ஓவியரோ, பொறி பிடிக்க இயலாதவற்றைத் தேடிச் சென்றனர்: மாறும் ஒளி, கலங்கும் நீர், ஒரு கணத்தின் நிறம். 1874-ஆம் ஆண்டில் மோனே முதலிய ஏறத்தாழ முப்பது ஓவியர்கள் பாரிஸில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்தனர். பிற்காலத்தார் உணர்வுப்பதிவியம் என்று போற்றும் இயக்கம் அங்கேதான் பெயர் பெற்றது. அக்காட்சி நடந்த இடம், நாதார் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் முன்னர் இருந்த நிலையம் என்பது நினைக்கத்தக்கது. இம்மாற்றத்துக்குப் புகைப்படம் ஒன்றே காரணம் அன்று. குழாயில் அடைத்த வண்ணமும் புகைவண்டியும் ஓவியரை அறைக்குள்ளிருந்து வெளியே கொணர்ந்தன. ஆயினும் புகைப்படத்தின் பங்கை மறுக்க முடியாது.

புகைப்படமும் பின்னர்க் கலையாகவே ஏற்கப்பட்டது. எந்தக் காரணத்தால் என்பதை அமெரிக்க நாட்டு வழக்கு ஒன்று தெளிவாக்குகிறது. 1882-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் சரோனி என்பவர், எழுத்தாளர் ஆஸ்கார் ஒயில்டின் படத்தை எடுத்தார். ஓர் அச்சு நிறுவனம் அவரைக் கேளாமலே அப்படத்தை ஆயிரக்கணக்கில் அச்சிட்டது. வழக்கு எழுந்தபொழுது, "பொறி தானே பதித்த படத்துக்கு ஆசிரியர் ஏது?" என்பது நிறுவனத்தின் வாதம். 1884-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அமரும் நிலையை அமைத்தவர் யார்? உடையையும் திரைச்சீலையையும் தேர்ந்தவர் யார்? ஒளியையும் நிழலையும் வகுத்து, முகத்தில் அந்த மெய்ப்பாட்டை வருவித்தவர் யார்? சரோனி அன்றோ! ஆதலின் படத்துக்கு ஆசிரியர் அவரே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவி இருந்தது குற்றமன்று; கருவிக்குப் பின்னே கண்ட ஒரு கண்ணும் தேர்ந்த ஓர் உள்ளமும் இருந்தனவா என்பதே கேள்வி. இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

ஓவியத்தினின்றும் இசைக்கு வருவோம். 1906-ஆம் ஆண்டில், அணிவகுப்பு இசைக்குப் பெயர்பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா, பொறி இசையால் வரும் கேட்டைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இசைத்தட்டும் தானியங்கிப் பியானோவும் அக்காலத்தில் வீடுதோறும் நுழைந்துகொண்டிருந்தன. பொத்தானைத் திருகினால் பாட்டு வருமென்றால் குழந்தைகள் எதற்காகப் பாடக் கற்பார்கள் என்று அவர் கவலைப்பட்டார். பாருங்கள், நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இக்கவலைதான் அந்த மாணவியின் வாயிலிருந்தும் வந்தது!

சூசாவின் அச்சம் முழுதும் பொய்யன்று. முழுதும் மெய்யும் அன்று. வீட்டில் கூடிப் பாடும் வழக்கம் மேலைநாட்டில் குறையத்தான் செய்தது. ஆனால் இசைத்தட்டு சுமந்து சென்றது மனிதரின் குரலையே. 1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாட்டுகள் தட்டில் பதிந்தன. அவர் குரலை அவரை என்றுமே காணாதவரும் கேட்டனர். இசைத்தட்டும் வானொலியும் இல்லையேல் நம் நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்தோர் பலர் பெரும்பாடகரின் குரலைக் கேட்டே இருக்க மாட்டார்கள். பொறி இங்கே ஊர்தியாக நின்றது, ஊர்ந்தவர் மனிதர்.

சூசாவின் வரலாற்றில் மாணவர் மறக்கலாகாத பகுதி ஒன்று உண்டு. தம் இசை பொறிகளில் ஒலித்தபொழுது அதற்காகத் தமக்குக் காசு வரவில்லை என்று அவர் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின்முன் முறையிட்டார். 1908-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றமோ, துளையிட்ட பியானோச் சுருள் இசையின் படி ஆகாது என்று தீர்ப்பளித்து, இசையமைப்பாளருக்கு எதிராக நின்றது. மறு ஆண்டே, அதாவது 1909-ஆம் ஆண்டில், சட்டம் திருத்தப்பட்டது. பொறிக்காகச் செய்யப்படும் ஒவ்வொரு படிக்கும் இரண்டு சென்ட் இசையமைப்பாளருக்குத் தரவேண்டும் என்று விதி பிறந்தது. மக்கள் கலையை விரும்புவது ஒன்று. கலைஞருக்கு உரியதைக் கொடுப்பது மற்றொன்று. முன்னது இயல்பாக வரும். பின்னது எவரேனும் கேட்டு, வாதாடி, சட்டமாக்கினால்தான் வரும்.

இனி, மதிப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறேன். அதில் பொறி இல்லை. மனிதர் செய்த மோசடியே உண்டு. 1937-ஆம் ஆண்டில், வெர்மீர் என்னும் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வரைந்ததாக ஒரு படம் வெளிப்பட்டது. எம்மாவு என்னும் ஊரில் இயேசு பெருமான் உணவருந்தும் காட்சி அது. அத்துறையில் பேரறிஞரான பிரேடியஸ், எண்பது வயது கடந்தவர், அதனை வெர்மீரின் தலைசிறந்த படம் என்று புகழ்ந்து எழுதினார். ராட்டர்டாம் நகர அருங்காட்சியகத்துக்காக அது ஐந்து இலட்சம் கில்டருக்கு மேல் விலை கொடுத்து வாங்கப்பட்டது. மக்கள் திரண்டு வந்து பார்த்து உருகினர்.

போர் முடிந்த 1945-ஆம் ஆண்டில், வான் மேகரன் என்னும் ஓவியர் கைதானார். வெர்மீரின் படம் ஒன்றை ஜெர்மானியத் தலைவர் கோரிங்குக்கு விற்று நாட்டுக்கு இரண்டகம் செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவரோ, "அது வெர்மீரின் படமன்று, நானே வரைந்தது. எம்மாவுப் படமும் என் கைவேலையே" என்றார். நம்பாதவர்களுக்குக் காட்ட, காவலர் முன்னிலையிலேயே புதுப்படம் ஒன்றும் வரைந்தார். வண்ணம் பழையதுபோல் இறுகுவதற்கு அவர் செயற்கைப் பிசினைக் கலந்திருந்தார். 1947-ஆம் ஆண்டில் அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதனை அனுபவிக்கும் முன்னரே அவ்வாண்டின் இறுதியில் அவர் இறந்தார்.

எம்மாவுப் படம் இன்றும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சட்டம் மாறவில்லை, துணி மாறவில்லை, வண்ணம் மாறவில்லை. ஆயினும் அதன்முன் நின்று உருகுவார் இல்லை. மக்கள் மதித்தது வண்ணத்தை மட்டுமன்று என்பது இதனால் விளங்குகிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் ஒரு சாளரத்தருகே நின்று, ஒளி விழுந்த விதத்தைக் கண்டு, தான் கண்டதை நமக்குச் சொன்னான் என்ற நம்பிக்கையையும் சேர்த்தே அவர்கள் மதித்தனர். நம்பிக்கை போயிற்று, மதிப்பும் போயிற்று. ஆற்றங்கரைக் கோயிலின் படத்தை நோக்கிய என் பார்வை மாறியதற்கும் இதுவே காரணம். சிறுவன் மோசடி செய்தவன் அல்லன். நான்தான் விசாரியாமல் பிரேடியஸ் ஆனேன்.

இனிக் கணிப்பொறிக் காலத்துக்கு வருவோம். எண்களைக் கையாளும் பொறி ஒருநாள் இசையும் அமைக்கக்கூடும் என்று 1843-ஆம் ஆண்டிலேயே எழுதியவர் ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி. 1957-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லர், ஐசக்சன் என்னும் இருவர் அதனை நிறைவேற்றினர். கணிப்பொறியைக் கொண்டு அவர்கள் ஆக்கிய இசைக்கு இல்லியாக் இசைத்தொகுதி என்று பெயர். அதனை வாசித்தவர்கள் நான்கு நரம்பிசைக் கலைஞர்களே.

இதைவிட வியப்பானது 1997-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. டேவிட் கோப் என்னும் இசையமைப்பாளர், பழைய மேதைகளின் இசையைக் கூறுகூறாகப் பிரித்து, அவரவர் நடையை அறிந்து, அந்நடையில் புதிய இசை கோக்கும் கணிப்பொறித் திட்டம் ஒன்றை அமைத்திருந்தார். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் அவையோர்முன் மூன்று இசைகள் வாசிக்கப்பட்டன. ஒன்று, ஜெர்மானிய இசைமேதை பாக் அமைத்தது; ஒன்று, அப்பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீவ் லார்சன், பாக்கின் நடையில் அமைத்தது; ஒன்று, கோப்பின் பொறி அமைத்தது. எது எவருடையது என்று அவையோரைக் கேட்டனர். பொறியின் இசையை அவர்கள் பாக்கினுடையது என்றனர். பேராசிரியரின் இசையைப் பொறியினுடையது என்றனர்!

ஆதலின், "பொறியின் கலை உயிரற்றது, கேட்டவுடனே தெரிந்துவிடும்" என்று நாம் நெஞ்சை நிமிர்த்திப் பேசலாகாது. செவி ஏமாறும், கண்ணும் ஏமாறும், என் கண் ஏமாறியதை முன்னரே சொன்னேன். 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியிலும் பொறியின் துணையால் ஆன படம் ஒன்று, கணிப்பொறிக் கலைப் பிரிவில் முதற்பரிசு பெற்றுப் பெரும் பூசலை எழுப்பிற்று.

ஆனால் ஏமாறுவது வேறு. உண்மை அறிந்தபின் மதிப்பது வேறு. 2023-ஆம் ஆண்டில் வெளியான ஓர் உளவியல் ஆய்வு இதனைக் காட்டுகிறது. பொறி ஆக்கிய படங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றுட் சிலவற்றை மனிதர் வரைந்தவை என்றும் சிலவற்றைப் பொறி வரைந்தவை என்றும் குறிப்பிட்டுக் காட்டினர். மனிதர் வரைந்தவை என்று குறிக்கப்பட்டவற்றையே மக்கள் மிகுதியாக விரும்பினர். ஆழமுடையவை என்றும் மதிப்புடையவை என்றும் கூறினர். எம்மாவுப் படத்தின் வரலாறு இங்கே மறுபடியும் நடந்தது எனலாம்.

2018-ஆம் ஆண்டு அக்டோபரில் பொறி ஆக்கிய உருவப்படம் ஒன்று நியூயார்க் ஏலத்தில் 4,32,500 டாலருக்கு விலைபோயிற்றே என்று சிலர் கேட்கலாம். பத்தாயிரம் டாலர் வரை எதிர்பார்க்கப்பட்ட படம் அது. இத்தகைய படம் பெரிய ஏலத்துக்கு வந்தது அதுவே முதன்முறை. குழலூதும் பொம்மையைக் காணத் திரண்ட கூட்டத்தை நினைவுகொள்ளுங்கள். முதற்புதுமைக்கு விலை உண்டு. ஆயிரமாவது புதுமைக்கு அவ்விலை இராது. அரை நிமிடத்தில் ஒன்று வருமாயின் ஒரு நாளைக்கு எத்தனை வரும் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

ஒரு தடையை நானே எழுப்பி விடை கூறுகிறேன். "ஐயா, சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை நாம் போற்றுகிறோம். அவற்றைச் செய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. தாலாட்டைப் பாடுகிறோம், கட்டியவர் பெயர் தெரியாது. ஆக்கியவரைப் பற்றிக் கவலையின்றி அழகை மட்டும் மதிக்கிறோம் அல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் பெயர் தெரியாதவர் வேறு, ஆளே இல்லாமை வேறு. திருமேனி வார்ப்பவர் முதலில் மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் மண் பூசுகிறார். சூட்டில் மெழுகு உருகி ஓட, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார். ஆறியபின் மண்கருவை உடைக்கிறார். கரு உடைந்தமையால் அந்தத் திருமேனி ஒன்றே ஒன்றுதான். சுவாமிமலையில் தபதிகள் இன்றும் இவ்வாறே வார்க்கின்றனர். நடராசரின் தூக்கிய திருவடியைக் காணும்பொழுது, அதனை மெழுகில் வளைத்த ஒரு கட்டைவிரல் இருந்தது என்பதை நம் உள்ளம் அறியும். பெயர் மறைந்தது, கை மறையவில்லை.

இவ்வளவும் கண்டபின் நான் கொண்ட முடிவைச் சொல்கிறேன். பொறியின் படத்தையும் பாட்டையும் மக்கள் பயன்படுத்துவார்கள். விளம்பரத்துக்கும், கடையில் மெல்ல ஒலிக்கும் இசைக்கும், நூலின் அட்டைக்கும் அவை பெருகி வரும். அங்கே ஆக்கியவர் யார் என்று பலரும் கேட்கமாட்டார்கள். பொறியைக் கருவியாகக் கொண்டு, பலகாலம் முயன்று, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளித் தான் கண்டதைச் சொல்லும் கலைஞரும் தோன்றுவர். சரோனிக்குக் கொடுத்த மதிப்பை அவருக்கும் உலகம் கொடுக்கும், கொடுப்பதே முறை. ஆனால் எவரும் காணாத, எவரும் தேராத, எவரும் பொறுப்பேற்காத ஒன்றைப் பயன்பொருளாகக் கொள்வரேயன்றி நெஞ்சில் வைத்துப் போற்றார். 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் வாசிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும், படைப்புரிமை பெறும் ஆசிரியர் மனிதராகவே இருத்தல் வேண்டும் என்று கூறிற்று.

2024-ஆம் ஆண்டு சனவரியில், ஏ. ஆர். ரகுமான் ஒரு திரைப்பாட்டில், 1997-ஆம் ஆண்டில் மறைந்த சாகுல் அமீது, 2022-ஆம் ஆண்டில் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, உரிய ஊதியமும் தந்ததாக அவர் அறிவித்தார். அப்பாட்டுக்குத் தமிழ் மக்கள் ஏன் செவி சாய்த்தனர்? அக்குரல்களுக்கு உரியவர் இருவர் நம்மிடையே வாழ்ந்து பாடியவர் என்பதால் அன்றோ! இசைவும் ஊதியமும் என்ற அந்த இரண்டு சொற்களையும் நினைவில் வையுங்கள்.

ஏனெனில், மதிப்பு நிலைக்கும் என்று சொல்லி அமர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பெருங்கலைஞருக்கு மதிப்பு நிலைக்கும். ஆனால் பெருங்கலைஞர் வானத்திலிருந்து குதிப்பதில்லை. அட்டைப்படம் வரைந்தும், விளம்பரத்துக்கு மெட்டமைத்தும், அந்தச் சிறுகூலியால் பிழைத்துக்கொண்டே கைபழகி வளர்ந்தவர் அவருட் பலர். அச்சிறு வேலைகளைப் பொறி எடுத்துக்கொண்டால் வளரும் கலைஞர் எங்கே கைபழகுவார்? மேலும், பொறி தன் திறமையைக் கற்றது அத்தகைய எண்ணற்ற கலைஞரின் படைப்புகளிலிருந்தே. பலரிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கலைஞர்கள் கூடி ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் பாட்டே இல்லை. ஆளற்ற ஒலிப்பதிவுக் கூடங்களின் அமைதி மட்டுமே இருந்தது. கலைஞரின் படைப்பைப் பொறிகள் தடையின்றி எடுத்தாள வழிசெய்யும் சட்டத்திட்டத்தை எதிர்த்து அவர்கள் அவ்வாறு செய்தனர். சூசா பேசிக் கேட்டதை இவர்கள் பேசாமல் கேட்டனர். 1909-ஆம் ஆண்டில் பிறந்தது போன்ற நேரிய ஏற்பாடு நம் காலத்திலும் பிறக்க வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுவது நாளைய குடிமக்களாகிய உங்கள் கடமை. இன்றே நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பொறி செய்ததைப் பொறி செய்தது என்று சொல்லுங்கள். பிறர் காட்டுவதைச் செய்தவர் யார் என்று கேளுங்கள். நடுவராயிருந்தும் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

அந்த மாணவிக்கு நான் கடன்பட்டிருந்தேன். சில நாள் கழித்து அவள் வீட்டுக்குச் சென்றேன். வாசற்படியில் அவளுடைய பாட்டி அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சுட்டுவிரல் கோணலாகவே இருந்தது. சிறுவயதில் உரலில் நசுங்கிய விரலாம். அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் நாரை முடியும் வித்தையை அவர் தாமே பழகிக்கொண்டிருக்கிறார். நான் பிழை என்று மதிப்பெண் குறைத்தது அந்த விரலைத்தான். படம் வரையும் பொறிகளும் தொடக்கத்தில் விரல்களைத் தவறாகவே வரைந்தன. ஆறு விரலும் போட்டன, ஏழு விரலும் போட்டன. அக்கோணலுக்குப் பின்னே எந்த உரலும் இல்லை.

"அம்மா, ஒன்பது நாள் எதற்காக என்று கேட்டாயே, அந்த ஒன்பது நாளும் நீ உன் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை ஆண்டு படித்த நான் பார்க்கத் தவறியதை நீ பார்த்தாய். படம் அதனால் கிடைத்தது. படம் கிடையாமற் போயிருந்தாலும் அந்தப் பார்வை உனக்குக் கிடைத்திருக்கும். அதை எந்தப் பொறியும் உனக்காகப் பார்த்துத் தராது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் வரைதாளையும் பென்சிலையும் எடுத்துவந்து, பாட்டிக்கு எதிரே அமர்ந்தாள்.